மனத்தில் எழும் மனை



தொண்டை நாட்டுத் திருத்தலங்களுள் ஒன்று திருநின்றவூர். அவ்வூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் சிவபெருமானுக்கு ஒரு திருக்கோயில் எழுப்ப விரும்பினார். பல இடங்களில் முயன்றும் அதற்கு வேண்டிய பொருள் கிடைக்கவில்லை. அதனால் அவர் எண்ணத்தைக் கைவிட்டாரில்லை. கல்லும் மரமும் மனத்திலே சேர்த்தார், தச்சர்களை மனத்திலே அமர்த்தினார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், சிகரம் முடித்தார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளமும் அமைத்தார். அதே காலத்தில் காஞ்சி மாநகரில் பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவிட்டுக் கற்றளி ஒன்றை எடுத்து முடித்திருந்தான். இரண்டு கோயில்களுக்கும் குடமுழுக்கு ஒரே நாளில் அமைந்தது. தம் அன்பரின் கோயிலுக்கு அன்று தாம் எழுந்தருள்வதால் வேறு நாள் குறிக்குமாறு இறைவன் மன்னனின் கனவில் பணித்தருளினார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

இவ்வரலாறு அன்பின் பெருமையை உணர்த்துவதாகும். வீடு கட்ட எண்ணுவோர்க்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. மண்ணில் ஒரு கல்லையும் வைக்காத அப்பெருமான், கிணற்றை மறந்தாரில்லை, மதிலையும் மறந்தாரில்லை. அடிநிலை முதல் குளம் வரை ஒவ்வொன்றையும் முறையாக எண்ணி முடித்த பின்னரே நாள் குறித்தார். இக்காலத்தில் வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒருங்கே இட்டு வீடு கட்டும் குடும்பங்கள், தரைக்கற்களின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகின்றன. எந்த அறை எங்கே அமைய வேண்டும் என்பதையோ ஒரே மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடுகின்றன. தாளில் உள்ள சுவரை மாற்ற ஓர் அழிப்பான் போதும். எழுந்துவிட்ட சுவரை மாற்றச் சம்மட்டி வேண்டும், பொருளும் வேண்டும், பல வேளைகளில் அது இயலாமலும் போகும்.

பழைய வீடுகளை வகுத்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். தெருவை ஒட்டித் திண்ணை, அதனைக் கடந்தால் ரேழி எனப்படும் இடைகழி, அதற்கப்பால் கூடமும் முற்றமும், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்னே அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒரு வரிசை இருந்தது. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டியிருக்கும் நீண்ட மனையில் பக்கவாட்டில் சாளரம் வைக்க இயலாது. ஆகவே வெளிச்சமும் காற்றும் வானிலிருந்தே இறங்கிவர முற்றத்தைத் திறந்து வைத்தனர். செட்டிநாட்டு வீடுகளிலும் முகப்பைக் கடந்ததும் வளவு என்னும் முற்றப் பகுதியே வீட்டின் உயிர்நிலையாக விளங்குகிறது. அங்கே விழுந்த மழைநீரும் வீணாகவில்லை. அண்டாக்களில் பிடித்து வைக்கப்பட்டது. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது, முன்னோரின் அவ்வழக்கமே வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் மனையைக் கட்டங்களாகப் பகுத்துக் காட்டுகின்றன. 64 கட்டங்கள் கொண்டது மண்டூகம். 81 கட்டங்கள் கொண்டது பரமசாயிகம். 81 கட்டப் பகுப்பில் நடுவிலுள்ள 9 கட்டங்களும் பிரமனுக்கு உரியவை. வீட்டின் நடுவிடத்தில் பாரமான சுவரோ தூணோ வேண்டா என்னும் மரபு இதிலிருந்து எழுந்தது. பழைய வீட்டின் முற்றம் இருந்த இடமும் அதுவே.

தென்கிழக்கில் அடுக்களை அமைக்கும் வழக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழகத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் தென்மேற்கிலிருந்தும், மற்றொரு பகுதியில் வடகிழக்கிலிருந்தும் பருவக்காற்று வீசுகிறது. தென்கிழக்கு மூலையில் எழும் புகையை இவ்விரு காற்றுகளுமே வீட்டின் மேல் படியவிடாமல் வெளிப்புறமாகக் கொண்டு செல்லும். அம்மூலை வாய்க்காதபோது வடமேற்கை மரபு ஏற்கிறது. அங்கும் இதே நிலைதான். பிற்பகல் வெயில் கடுமையாகத் தாக்கும் மேற்குப் புறத்தில் படிக்கட்டு, பண்டக அறை ஆகியவற்றை வைத்தால் உள்ளே படுக்கும் அறைகள் குளிர்ந்திருக்கும்.

இவ்வாறு காரணம் அறிந்து போற்றும்போது மரபு துணையாகிறது. காரணம் அறியாமல் அஞ்சும்போது அதுவே சுமையாகிறது. ஏதேனும் ஒரு மூலையில் கழிவறை அமைந்தால் கேடு சூழும் என்று யாரோ கூறியதைக் கேட்டு, முதியவர் படுக்கும் அறையிலிருந்து அதனை வெகு தொலைவில், இரண்டு படிகள் இறங்கிச் செல்லும் இடத்தில் வைத்த வீடுகள் உண்டு. நள்ளிரவில் இருட்டில் அப்படிகளில் முதியவர் ஒருவர் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவ்வீட்டிற்கு வந்த கேடு எது என்று சிந்திக்க வேண்டும். மனிதர் நலமாக வாழ்வதற்காகவே சாத்திரம் எழுந்தது.

திருக்கோயிலில் கருவறையை மையமாகக் கொண்டே மற்ற மண்டபங்களையும் திருச்சுற்றுகளையும் வகுக்கின்றனர். வீட்டிற்கும் அவ்வாறு ஒரு மையம் வேண்டும். அது வரவேற்பறையும் அன்று, வண்டி நிறுத்தும் இடமும் அன்று. இரவில் எழுந்து நடக்கும் முதியவர், அடுப்படியில் நிற்பவர், வாயிலில் வந்து நிற்கும் விருந்தினர் ஆகிய மூவருமே அந்த மையமாவர். இம்மூவருக்கும் பொருந்திய வீடு மற்ற எல்லார்க்கும் பொருந்தும்.

முதலில் முதியவரைக் கருதுவோர், தரைத்தளத்திலேயே அவருக்கு ஓர் அறை ஒதுக்குவர். அதனை ஒட்டியே குளியலறையும் கழிவறையும் அமைப்பர். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குளியலறையும் கழிவறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்த அளவு 2.8 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 30 சதுர அடி. சக்கர நாற்காலி ஒன்று திரும்புவதற்கோ 5 அடி விட்டமுள்ள இடம் வேண்டும். 5 அடிக்கு 8 அடி என்று அமைத்தால் 40 சதுர அடி ஆகும். கூடுதலாக வேண்டுவது 10 சதுர அடி மட்டுமே. ஒருவர் படுக்கும் பாயில் பாதியளவு இடம்! குளியலறைக் கதவை இரண்டரை அடி அகலத்தில் வைப்பது பெருவழக்கு. அதனை 3 அடியாக வைத்தால் நாற்காலி தடையின்றி நுழையும். கதவு வெளிப்புறமாகத் திறப்பதும் நன்று; உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும் கதவைத் திறந்து அவரை மீட்க இயலும்.

வாயிற்படியும் கருதத்தக்கதே. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர்வதற்கு 12 அடி நீளம் வேண்டும். தரைமட்டம் தெருவிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்தால் 18 அடிச் சாய்தளம் தேவைப்படும். அதற்குரிய இடத்தை வீட்டின் பக்கவாட்டுத் திறந்தவெளியில் முதலிலேயே எண்ணி வைக்காவிட்டால் பின்னர் அது கிடைக்காது. "இங்கு முதியவர் எவரும் இல்லையே" என்று சிலர் கூறுவர். இன்று 40 வயதில் வீடு கட்டுபவர் அவ்வீட்டிலேயே 70 வயதை அடைவார் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

அடுத்தவர் அடுப்படியில் நிற்பவர். நாளின் பல மணி நேரத்தைச் சுவரை நோக்கியே கழிக்கும்படி அவரை வைப்பது அறமாகாது. அடுப்பு, நீர்த்தொட்டி, பண்டங்கள் வைக்கும் இடம் ஆகிய மூன்றும் சில எட்டுகளுக்குள் அமைதல் வேண்டும். அடுப்பு மேடையின் உயரம் கொத்தனாரின் வழக்கப்படி அமையாமல், அதில் சமைப்பவரின் உயரத்திற்கு ஏற்ப அமைதல் வேண்டும். காலை ஒளி புகும் சாளரம் ஒன்றும், கூடத்தில் நடக்கும் பேச்சு காதில் விழும் திறப்பு ஒன்றும் இருந்தால், சமைப்பவர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவராக மாட்டார். இவற்றைப் பற்றி வரைபடம் வரைபவரிடம் பேச வேண்டியவரும் அவரே. ஆயினும் பல இல்லங்களில் அந்தப் பேச்சு நடக்கும்போது அவர் உள்ளே காபி கலந்துகொண்டிருக்கிறார்!

மூன்றாமவர் விருந்தினர். முதலாழ்வார்கள் மூவரின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார். பின்னர் பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமர்ந்தனர். பேயாழ்வாரும் வரவே மூவரும் நின்றனர். அங்கே நான்காமவராகத் திருமாலே வந்து நெருக்கினார் என்பர். மூன்று அந்தாதிகள் பிறந்த இடம் அகன்ற மண்டபம் அன்று. ஒரு வீட்டின் குறுகிய நடைவழி. அவ்வீட்டை வகுத்தவர் தெருவிற்கும் உள்வீட்டிற்கும் நடுவே சிறிது இடம் விட்டிருந்ததால், மழையில் வந்தவர்க்கு அது புகலாயிற்று.

இன்றைய சிறு மனையில் நெடிய திண்ணை இயலாமற் போகலாம். 4 அடிக்கு 6 அடி அளவில் கூரையுடன் கூடிய ஒரு முன்னிடமும், அமர்வதற்கு ஒரு கல்மேடையும் இயலும். எரிவாயு உருளையைச் சுமந்து வருபவரும், அஞ்சல்காரரும், வெயிலில் நடந்து வரும் அயல்வீட்டு மூதாட்டியும் அங்கே சற்று அமர்வர். இரும்புக் கதவு தெருவிலேயே தடுத்து நிறுத்தும் வீட்டிற்கும் அத்தகைய வீட்டிற்கும் உள்ள வேறுபாடு 24 சதுர அடிதான்.

பூசையறையும் இதே நோக்கில் அமையத்தக்கது. எஞ்சிய இடம் என்பதற்காகப் படிக்கட்டின் அடியில் அதனை ஒதுக்காமல், விளக்கின் புகை வெளியேற வழியும், தரையில் அமர இயலாத பெரியவர் நாற்காலியில் அமர்ந்து தொழ இடமும் உள்ளதாக வகுத்தல் சிறப்பு. தனி அறைக்கு இடமில்லையெனில் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு மாடம் போதும். இறைவனுக்கு இடம் போதாமை என்பது இல்லை. தொழுபவருக்கே இடம் வேண்டும்.

இடக்கணக்கிலும் விழிப்பு வேண்டும். 30 அடிக்கு 40 அடி கொண்ட அரை கிரவுண்டு மனையில், சுற்றிலும் திறந்தவெளி விட்டபின் 25 அடிக்கு 33 அடி என்று வீடு அமைவதாகக் கொள்வோம். அது 825 சதுர அடி. ஒன்பது அங்குலப் புறச்சுவர்கள் மட்டும் கழிந்தால் உள்ளே எஞ்சுவது ஏறத்தாழ 740 சதுர அடிதான். மாடிப்படிக்கும் இடம் வேண்டும். தளத்திற்குத் தளம் பத்தரை அடி உயரம் எனில், ஏழு அங்குல உயரத்தில் 18 படிகள் ஆகும். மூன்றடி அகலத்தில் திரும்பி ஏறும் படியாக வைத்தாலும் 6 அடிக்கு 10 அடி, அதாவது 60 சதுர அடி செல்லும். இதனை முன்கூட்டியே கணக்கிடாதவர்கள், இறுதியில் படியின் உயரத்தைக் கூட்டி, மிதிக்கும் இடத்தைக் குறைத்துவிடுகின்றனர். இழப்பு முழங்கால்களுக்கே.

தமிழகத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் சுயசான்று முறை நடைமுறைக்கு வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீட்டிற்கு, உரியவரே சான்றளித்து இணையவழி அனுமதி பெற அது வழி செய்தது. அலைச்சல் குறைவது நன்றே. ஆயினும் அனுமதி என்பது விதிகளை மட்டுமே பார்க்கும். பாட்டியின் முழங்காலையும் தாயின் முதுகையும் பார்ப்பது குடும்பத்தின் பொறுப்பாகும்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. கடைக்கால் தோண்டுவதற்கு முன், மனையில் முளை அடித்து, நூல் கட்டி, அறைகளின் எல்லைகளைச் சுண்ணாம்புத் தூளால் கோடிட வேண்டும். கட்டில் வரும் இடத்தில் ஒரு பாய் விரிக்க வேண்டும். வீட்டில் உள்ள மிக மூத்தவரை அதிலிருந்து எழுந்து குளியலறைக் கோடு வரை நடக்கச் சொல்ல வேண்டும். சமைப்பவர் அடுப்பின் முன் நின்று பார்க்க வேண்டும். குழந்தைகள் வாயிலிலிருந்து கொல்லை வரை ஓடிப் பார்க்கட்டும். எங்கே தயங்குகிறார்கள், எங்கே இடித்துக்கொள்கிறார்கள் என்பதை வரைபடம் வரைந்தவர் உடனிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில கிலோ சுண்ணாம்புத் தூளும் ஒரு மாலைப்பொழுதுமே. அன்று மாற்றிய ஒரு கோடு, பின்னாளில் ஒருவரை விழாமல் காக்கும்.

முதியவர் அஞ்சாமல் நடக்கவும், சமைப்பவர் தனித்துப் போகாமல் இருக்கவும், வந்தவர் வாடாமல் அமரவும் இடம் தரும் இல்லங்களை அன்பர்கள் எழுப்புவார்களாக! அவ்வில்லங்களில் விளக்கேற்றும் கைகள் நீடு வாழ்க! எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!