கொம்பு போச்சு... கூட வந்தது என்ன?

(‘விலங்குகளின் மரபணுவைத் திருத்துவது வரமா? வம்பா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வம்பே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய தம்பி, மரபணுத் திருத்தம் கத்தரிக்கோல் மாதிரி, வேண்டாததை வெட்டும், வேண்டியதை ஒட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெட்டினதைச் சொன்னீங்க, ஒட்டினதைச் சொன்னீங்க. ஒட்டும்போது கூட என்ன ஒட்டிக்கிச்சுன்னு சொல்லலையே தம்பி! (கைதட்டல்)

அமெரிக்காவிலே கறவை மாட்டுக் கன்றுகளுக்குக் கொம்பு வளராமல் இருக்க, குருத்திலேயே சுட்டுப் பொசுக்குவார்கள். பாவம், துடிக்கும். அந்த வலி வேண்டாம் என்று நினைத்த விஞ்ஞானியை நான் குறை சொல்ல மாட்டேன். இயற்கையிலேயே கொம்பில்லாத மாடுகள் உண்டு. அந்த ஜீனை ஹோல்ஸ்டீன் மாட்டின் உயிரணுவில் ‘டேலன்’ முறையில் சேர்த்துக் குளோனிங் செய்தார்கள். 2015-ல் இரண்டு காளைக்கன்றுகள் பிறந்தன. கொம்பே இல்லை! கலித்தொகைக் காலமாக இருந்தால் பாதிப் பேருக்குச் சுலபமாகக் கல்யாணம் ஆகியிருக்கும். (சிரிப்பு)

2019-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் அந்தக் காளைகளின் மரபுத் தொகுதி முழுவதையும் அலசினார்கள். ஜீனைச் சுமந்துபோக பாக்டீரியாவின் டி.என்.ஏ. வளையம் ஒன்றை வண்டியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். சரக்கை இறக்கிவிட்டு வண்டி திரும்ப வேண்டாமா? வண்டியும் உள்ளேயே தங்கிவிட்டது! அதிலே ஆன்டிபயாடிக் மருந்தை எதிர்க்கும் ஜீன்கள் வேறே. ஒரு காளைக்குப் பிறந்த 6 கன்றுகளில் 4-க்கு அந்த வண்டியும் சீதனமாகப் போயிருக்கிறது.

முதலில் ஏன் தெரியவில்லை? வேறே எங்காவது தப்பாக வெட்டிவிட்டோமா என்று வீடெல்லாம் தேடியவர்கள், வெட்டின இடத்திலேயே வண்டி நிற்கிறதா என்று பார்க்கவில்லை.

நியாயமாகவும் பேசணும். கன்றுகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. தகவலையும் ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவில்லை, பொதுவில் வைத்தார்கள். அதனால்தான் இன்னொருத்தர் எடுத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் நடுவர் அவர்களே, செய்தவர் கண்ணுக்குத் தப்பினது அந்த இன்னொருத்தர் கண்ணில்தானே பட்டது? எதிரணி என்ன சொல்கிறது? ‘அரசாங்கச் சோதனை வெறும் காலதாமதம்’ என்கிறது!

பிரேசில் நாட்டிலே இப்படிக் கொம்பில்லாத மாட்டு மந்தையை வளர்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். 2019-ல் இந்த விஷயம் தெரிந்ததும் கைவிட்டார்கள். மந்தை ஊரெல்லாம் பெருகின பிறகு தெரிந்திருந்தால், எந்தக் கத்தரிக்கோலைக் கொண்டு வெட்டியிருப்பீங்க? அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும். (கைதட்டல்)