பக்கத்தில் அமர்ந்த பிள்ளை

(நமது சங்கத்தின் நவராத்திரிக் கூட்டத்தில், இசைக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



இசைக் குழுவினராகிய நாங்கள் இன்று சங்கீதத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்திருக்கிறார். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்னும் நிபந்தனையும் விதித்திருக்கிறார். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், பிடில் வித்வான் டி. என். கிருஷ்ணன் அவர்களுடைய இளமைக் காலம். புகழ்பெற்ற பின் அவர் பெற்ற பட்டங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். பட்டம் ஒன்றும் இல்லாத காலத்தில் அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைப் பற்றியே நாங்கள் பேச விரும்புகிறோம். அதற்கு எங்களுக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர் ஒளிக்காமல் சொல்லுவோம்.

முதலில் இவ்வாத்தியத்தைப் பற்றி ஒரு சொல். நம்மைப் போலவே பிடிலும் குடியேறியது, மேல்நாட்டிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பியரிடம் அதனைக் கற்று நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் இழைத்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். மேல்நாட்டார் நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசிப்பதை நம்மவர் தரையில் அமர்ந்து, அடிப்பாகத்தை மார்பில் அணைத்து, தலைப்பாகத்தை வலக்காலின் கணுவில் ஊன்றி வாசிக்கலாயினர். இருக்கை மாறியதும் இடக்கை விடுதலை பெற்றது. கமகம் பிடிக்கத் தந்தியின்மேல் வழுக்கி ஓட முடிந்தது. ஓர் அந்நிய வாத்தியம் ஒரு நூற்றாண்டுக்குள் கச்சேரிக்கு இன்றியமையாததாய் ஆயிற்று. சென்ற இடத்துக்கு ஏற்ப உட்காரும் விதத்தை மாற்றிக்கொண்டால் போதும் போலும்!

கிருஷ்ணன் அவர்கள் 1928-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் நாள், கொச்சிக்கு அருகிலுள்ள திருப்பூணித்துறையில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயரே குரு. தந்தையே குருவாய் வாய்த்தால் பிள்ளைக்குப் பாட நேரம் என்றும் ஓய்வு நேரம் என்றும் இரண்டு இல்லை. அடுத்த அறையில் பிள்ளை பிசகினால், முற்றத்தில் இருக்கும் தந்தையின் செவிக்கு எட்டிவிடும். இத்தகைய வீட்டில் வளர்ந்த சிறுவர் 1939-இல், தம் 11-ஆம் வயதில், திருவனந்தபுரத்தில் கச்சேரி செய்தார். அந்த வயதில் நம் குழந்தைகள் ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

ஆயினும் பாலமேதை என்று சொல்லி வியந்து நின்றுவிடுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. பாலமேதைகள் பலர் வந்தனர். மீசை அரும்பும் முன்பே பலர் மறைந்தனர். இவர் மறையாமல் நின்றதற்குக் காரணம், அக்கச்சேரிக்குப் பின் வந்த ஆண்டுகளில் அவர் பெரிய பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்ததுதான் என்பது எங்கள் கருத்து. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், முசிரி சுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகியோருக்கெல்லாம் அவர் பக்கவாத்தியம் வாசித்தவர்.

பக்கவாத்தியம் என்பது எத்தகைய தொழில் என்பதை இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம்முள் பலர் அதனைப் பாட்டுக்கு ஒத்து ஊதுவது என்று எண்ணியிருக்கிறோம். நம் கச்சேரியில் ஒத்திகை என்பது பெரும்பாலும் கிடையாது. இன்று என்ன பாடப்போகிறேன் என்று பாடகர் முன்கூட்டிச் சொல்வதும் வழக்கமன்று. எதிரே ஏடும் இல்லை. பாடகர் முதல் சொல்லை எடுத்ததும் இது இன்ன கீர்த்தனை, இன்ன தாளம், இன்ன எடுப்பு என்று பிடில்காரர் அறிந்தாக வேண்டும். ஆலாபனையின்போதோ நிலைமை இன்னும் கடினம். பாடகரின் குரலுக்கு ஓர் இமைப்பொழுது பின்னே நிழலாகத் தொடர வேண்டும். முந்தினால் அது இடையீடு; மிகவும் பிந்தினால் எதிரொலி. பாடகர் நிறுத்தியதும் அதே இராகத்தைத் தம் கற்பனையில் வாசிக்க வேண்டும். பாடகரைவிட நீளமாக வாசித்துவிடவும் கூடாது. கற்பனை சுரத்தில் பாடகர் வீசுவதை அக்கணமே பிடித்து, அவர் கணக்குக்குப் பதில் கணக்குச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் பார்த்திருக்க நடக்கும் பரீட்சை இது. வினாத்தாள் மட்டும் முன்னதாகக் கிட்டாது.

சுருதியின் தொல்லை வேறு. ஆண்குரலுக்கு ஒரு கட்டை, இரண்டு கட்டை; பெண்குரலுக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை. இன்று ஒருவர், நாளை மற்றொருவர். தந்தியின் இறுக்கம் மாறினால் விரலின் உணர்வும் வில்லின் அழுத்தமும் மாறும். வீட்டில் ஒரே சுருதியில் பழகிய பிள்ளை மேடையில் திகைப்பது இதனால்தான். தந்தையார் எத்துணை வல்லவராயினும் வீட்டிலிருந்தபடியே இதனைக் கற்பித்துவிட முடியாது. அரியக்குடியின் மத்திமகால ஓட்டம் ஒன்று, முசிரியின் விளம்பகால நிரவல் வேறொன்று. ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து, ஒவ்வொருவரிடமும் தடுமாறியே கற்கவேண்டியது அது.

அவ்வாறு தடுமாற இடம் கொடுத்த பெரியவர்களுக்கும் இக்கதையில் பங்கு உண்டு. செம்பை பாகவதர் இளைஞர்களை மேடையில் ஏற்றி ஊக்குவதில் பெயர் பெற்றவர். பாலக்காடு மணி ஐயர் சிறுவயதில் மிருதங்கத்தோடு அவர் பக்கத்தில் அமர்ந்து வளர்ந்தவரே. செம்மங்குடியாரின் ஆதரவு கிருஷ்ணன் அவர்களுக்குப் பெருந்துணை. 1942-இல், 14-ஆம் வயதில், அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஜப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தால் சென்னை மக்களில் பலர் வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறிய ஆண்டு அது. ஊரார் வெளியேறிய அவ்வாண்டிலேயே பிடில் பெட்டியோடு ஒரு பையன் அவ்வூருக்குள் வந்தான் என்று எண்ணிப் பார்க்கும்போது எங்களுக்குச் சிறிது வியப்பும் சிறிது சிரிப்பும் தோன்றுகின்றன. சௌடையா, துவாரம் வெங்கடசுவாமி நாயுடு, கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை முதலிய பெரும் பிடில் வித்வான்கள் உச்சத்தில் இருந்த காலம். இடம் காலியாக இருந்து அவர் வந்து அமரவில்லை.

அவருடைய வாசிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: வில்லில் ஆரவாரம் இருக்காது. குரல் பாடுவது போலத் தெளிவாக, அவசரமின்றிச் செல்லும். வேகம் போதாது என்று குறை கூறுவோரும் உண்டு. எங்களுக்கு அக்குறை தோன்றியதில்லை. பாடகரின் குரலையே இளமை முதல் உற்றுக் கேட்டு வளர்ந்த கை அப்படித்தான் வாசிக்கும் என்பது எங்கள் துணிபு. பின்னாளில் அவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் புலத்தலைவராகவும் பணியாற்றி, வடக்கே வாழ்ந்த நம்மவரின் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 1980-இல் சங்கீத கலாநிதி ஆனார். 2020 நவம்பரில், 92-ஆம் வயதில் மறைந்தார்.

அதே வீட்டின் மற்றொரு பிள்ளையையும் இங்கே நினைக்க வேண்டும். தங்கை என். இராஜம், 1938-இல் பிறந்தவர். அவரும் தந்தையாரிடமே பயின்றார். பின்னர் பண்டித ஓம்காரநாத் தாகூரின் வழியில் இந்துஸ்தானி சங்கீதத்தை மேற்கொண்டு, பாடகரின் குரல் நெளிவுகளை அப்படியே பிடிலில் எழுப்பும் முறையில் பெயர் பெற்றார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தார். அண்ணன் ஒரு சங்கீதம், தங்கை மற்றொரு சங்கீதம். வில்லைப் பிடிக்கக் கற்பித்த கை ஒன்றே. "வடக்கே வந்துவிட்டோம், இனிக் குழந்தைக்கு எங்கே சங்கீதம்" என்று வருந்தும் தாய்மார்கள் காசியில் இருந்த இப்பெண்மணியைப் பற்றிக் கேட்டறிவார்களாக.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். இங்கே நம் பிள்ளைகளில் சிலர் பிடில் கற்கிறார்கள். ஆசிரியர் சென்னையில், பிள்ளை இங்கே, இடையில் கணினித் திரை. இதனை நாங்கள் பழிக்கவில்லை. முன்னாளில் ஆசிரியரே இல்லாதிருந்த இடத்துக்கு இன்று ஆசிரியர் முகம் வந்திருக்கிறது. வர்ணமும் கீர்த்தனையும் பாடமாகின்றன. பிழை உடனே திருத்தப்படுகிறது. ஆனால் ஒன்று நடவாது. அங்கே பாடிய ஒலி இங்கே வந்து சேரச் சிறிது தாமதமாகிறது. இங்கே வாசித்தது அங்குச் சென்று சேர மறுபடி தாமதம். ஆகவே இருவரும் ஒருசேரப் பாடவும் வாசிக்கவும் இயலாது. அவர் வாசித்து நிறுத்த வேண்டும். பின் பிள்ளை வாசிக்க வேண்டும். முன்னே சொன்னோமே, இமைப்பொழுது பின்னே நிழலாகத் தொடர்வது என்று, அதனை இம்முறையில் கற்கவே முடியாது. அதற்கு ஒரே அறையில், ஒரே பாயில், மூச்சு விடும் ஒரு பாடகர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் ஊருக்கு அத்தகையவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறார், ஆண்டு விழாவன்று.

சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்ததை உங்களுள் பலர் கண்டீர்கள். சிலர் கவனித்திருக்க மாட்டீர்கள். பாட வந்த வித்வானுடைய பிடில்காரர் ஏறிய வண்டி தாமதமாயிற்று. கூட்டம் காத்திருந்தது. அப்போது எங்களுள் ஒருவர், நம் குடியிருப்பில் பிடில் கற்கும் 14 வயதுப் பெண்ணை மேடையேறச் சொன்னார். வித்வான் மறுக்கவில்லை. சுருதி சேர்க்கவே அக்குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. வர்ணம் நன்றாக நடந்தது. அடுத்து அவர் கரகரப்பிரியாவைச் சிறிது ஆலாபனை செய்தபோது அவள் இரண்டு இடங்களில் வழி தவறினாள். அவர் அதனைக் கண்டு, அதே பிடியை மெதுவாக மறுமுறை பாடினார். அவள் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிறிய நேரத்தில் அவள் முகத்தில் தோன்றியதை நாங்கள் அருகில் இருந்து பார்த்தோம்.

அந்த வேளையில் பிடில்காரர் வந்து சேர்ந்தார். கீர்த்தனை முடியும்வரை காத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? பொருள் கொடுத்து வரவழைத்தவர் கீழே நிற்கலாகாது என்று நாங்கள் பதறினோம். மேடையோரத்தில் நின்று அப்பெண்ணைக் கையசைத்து அழைத்தோம். அவள் பிடிலையும் வில்லையும் எடுத்துக்கொண்டு பாட்டின் நடுவே இறங்கி வந்தாள். ஒருவரும் கைதட்டவில்லை, புதியவர் அமர்வதையே எல்லாரும் பார்த்திருந்தனர். இறுதியில் நன்றி கூறும்போது ஒலிபெருக்கிக்காரர் பெயரும் பந்தல்காரர் பெயரும் வந்தன. அவள் பெயர் வரவில்லை. பட்டியலை எழுதியவர்கள் நாங்களே.

அன்று முதல் அந்தப் பிடில் பரணில் இருக்கிறது என்று அவள் தாயார் எங்களிடம் சொன்னார். தந்தையார் தேர்வைக் காரணம் காட்டுகிறார். நல்ல மனிதர், எங்களை நோக வைக்க அவருக்கு மனமில்லை. தேர்வன்று காரணம் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே அவ்வீட்டாரிடம் முன்பு தனியே கேட்ட மன்னிப்பை இப்போது இச்சபையில் கேட்டுக்கொள்கிறோம். பிழை சபையிலே நிகழ்ந்தமையால் அதற்குரிய இடம் இதுவே.

மன்னிப்போடு நில்லாமல் ஒன்று செய்தோம். இவ்வாண்டு பாட இசைந்திருக்கும் வித்வானுக்கு நடந்ததை மறைக்காமல் கடிதம் எழுதி, கச்சேரியின் முற்பகுதியில் எங்கள் பெண் ஒருத்தி பக்கத்தில் அமரலாமா என்று கேட்டோம். இடையில் எழுப்ப மாட்டோம் என்றும் எழுதினோம். குழுவில் இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "பணம் கொடுத்துக் கேட்கும் கச்சேரியில் பயிற்சி எதற்கு?" என்றார் ஒருவர். அவர் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். அரைமணி நேரம் பொறுக்குமாறு அவரை வேண்டிக்கொண்டோம்.

பதில் சென்ற வாரம் வந்தது. நீண்ட கடிதத்தை எதிர்பார்த்திருந்தோம். இரண்டே வரிகள் இருந்தன. தம் சுருதி ஒரு கட்டை என்றும், அதில் இப்போதிருந்தே பழகி வருமாறு குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடிதத்தை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.