கணினித் திரையில் தமிழை வரைவது யார்?

(தகவல் தொழில்நுட்பமும் தமிழும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியும் தமிழும் என்று பேச்சு எடுத்தால் நாம் பெரும்பாலும் விசைப்பலகையைப் பற்றியும் இணையத்தளங்களைப் பற்றியும் பேசுவோம். இன்று நான் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். திரையில் எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருளை எழுதும் வேலை அது. அது சரியாக நடக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. தவறும்போதுதான் தமிழ் சதுரக் கட்டங்களாகவும் கால் தனி, கொம்பு தனியாகவும் சிதறிக் கிடப்பதைப் பார்க்கிறோம்.

திரைக்குப் பின்னால் ஓர் ஓவியர்

தேக்காவில் ஒருவர் மளிகைக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப் பலகை எழுதுபவரிடம் போய், 'கொத்தமல்லி' என்று எழுதுங்கள் என்கிறார். எழுதுபவருக்குத் தமிழ் தெரியும். முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, பிறகு கால் என்று கை தானாகப் போகும்.

கணினியில் அந்த ஓவியரின் இடத்தில் இருப்பது வரைகலை நிரலகம். கோடு போடுவது, வண்ணம் நிரப்புவது, எழுத்தை வரைவது ஆகிய வேலைகளுக்கான நிரல்களின் தொகுப்பு அது. மற்ற மென்பொருள்களெல்லாம் அதனிடம் சொல்லித்தான் திரையில் எதையும் காட்டுகின்றன. ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. 'கொ' என்ற எழுத்து கணினிக்குள் க, ஒகரக் குறி என்ற இரண்டு எண்களாக இருக்கிறது. ஒகரக் குறியை இரண்டாகப் பிரி, ஒரு பாதியை முன்னால் கொண்டுபோ, மறு பாதியைப் பின்னால் வை என்று யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கு, து, ணு, ரு ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வளைவதையும், 'டி'யில் கொக்கி ஒட்டிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். 'சிங்கப்பூர்' என்ற சொல்லில் நாம் காண்பது 6 எழுத்து. கணினி வைத்திருப்பது 11 எண். அந்தப் பதினொன்றை ஆறாக்கிக் காட்டுவது இந்த நிரலகத்தின் பொறுப்பு.

எண் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். யூனிகோட் 1991ஆம் ஆண்டு தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அந்த எண்களைச் சரியாக வரைந்து காட்டும் வசதி மைக்ரோசாப்டின் விண்டோஸில் வந்தது விண்டோஸ் 2000இல்தான். எண் கிடைத்த பிறகும் எழுத்துக்காக ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தோம்.

காத்திருக்காத ஒருவர்

எல்லாரும் காத்திருக்கவில்லை. நம் ஊரிலேயே ஒருவர் முந்திக்கொண்டார். எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் நாம் அறிந்த அமரர் நா. கோவிந்தசாமி அவர்களைச் சொல்கிறேன். 1995 அக்டோபரில் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதில் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் இருந்தது. உலகில் தமிழ் இணையத்தில் ஏறிய முதல் சில தருணங்களுள் அது ஒன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரும் நா. கோவிந்தசாமி அவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அவருடைய மென்பொருளுக்குப் பெயர் 'கணியன்'. கணியன் பூங்குன்றனாரின் பெயர்.

அந்தக் காலத்து முறை எப்படிப்பட்டது தெரியுமா? கணினிக்குத் தமிழ் வரையத் தெரியாது என்பதால், ஐரோப்பிய மொழிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்தார்கள். கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம், 'கு' ஓர் இடம். கணினி தான் ஐரோப்பிய எழுத்தை வரைவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் தமிழ் வரும். கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கம் புள்ளியும் கோடும் வைத்த பிறமொழி எழுத்துகளாகத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு பட்டியல் என்று வேறு ஆனது. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை மற்றவர் படிக்க முடியாத நிலை.

நா. கோவிந்தசாமி அவர்கள் 1999 மே மாதம் காலமானார். அதே ஆண்டு சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகைக்கு அவருடைய விசைப்பலகை அமைப்பு முன்னோடிகளுள் ஒன்று. அவர் எண்ணம் நிலைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் பலரும் தத்தம் எழுத்துருவில் எழுதிவைத்த பக்கங்களில் எத்தனை இன்று படிக்கக் கிடைக்கின்றன? அட்டவணை கையில் இருந்தவை பிழைத்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. அதன் நூல்கள் முன்பு தகுதரம் என்ற திஸ்கி முறையில் இருந்தன. எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்ற பட்டியல் எல்லாருக்கும் வெளிப்படையாக இருந்ததால், அவற்றை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது.

கைப்பேசியிலும் அதே கதை

பிறகு கைப்பேசி வந்தது. மறுபடியும் தமிழ் வரையத் தெரியாத கருவி. 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் 'செல்லினம்' அறிமுகமானது நினைவிருக்கும். மலேசியாவில் 1980களிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கிய முத்து நெடுமாறன் அவர்களின் ஆக்கம். கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாத நாளில், மென்பொருளே தமிழை வரைந்து குறுஞ்செய்தியாகக் காட்டியது. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து போகும்; யூனிகோட் செய்தியில் 70 இடம்தான். அந்த நெருக்கடிக்குள்தான் தமிழில் பொங்கல் வாழ்த்து அனுப்பினோம்.

அடுத்து ஆண்ட்ராய்டு. அதன் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அப்போது பலர் ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, தமிழ்ப் பக்கத்தைப் படமாக வரவழைத்துப் படித்தார்கள். எங்கோ ஒரு கணினி நமக்காகத் தமிழை வரைந்து படமாக அனுப்பியது.

புதிய கருவி வரும்போதெல்லாம் தமிழ் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. யாராவது ஒருவர் அதை முன்னால் இழுத்துவர வேண்டியிருக்கிறது.

சிறிய கூட்டத்தின் பெரிய வேலை

இந்த இடத்தில் வேறொரு சிறுபான்மையைக் காட்ட விரும்புகிறேன். இது மொழிச் சிறுபான்மை அல்ல, இயங்குதளச் சிறுபான்மை. 'பிஓஎஸ்' என்று ஓர் இயங்குதளம் இருந்தது. அதன் நிறுவனம் 2001இல் பாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதை விரும்பிய சிலர், சம்பளம் இல்லாமல், அதே போன்ற ஒன்றைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். 2004இல் அதற்கு 'ஹைக்கூ' என்று பெயர் வைத்தார்கள். முதல் பீட்டா பதிப்பு வெளிவந்தது 2018இல். உலகக் கணினிகளில் அதன் பங்கு கடுகளவுதான். இருந்தும் விடவில்லை.

திரையில் வரைவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 'ஆன்டி கிரெயின் ஜியாமெட்ரி' என்ற நிரலகம். மாக்சிம் ஷெமனரேவ் என்ற ஒரு மனிதரின் ஆக்கம். அவர் 2013இல் காலமானார். நிரலகம் சாகவில்லை. மூல நிரலை யாரும் எடுத்து ஆளலாம் என்று அவர் விட்டுச்சென்றிருந்தார். ஹைக்கூ இன்றும் அதைக்கொண்டு வரைகிறது. விஞ்ஞானிகள் வரைபடம் போடப் பயன்படுத்தும் மாட்பிளாட்லிப்பிலும் அது இருக்கிறது.

ஒருவர் தனியாகச் செய்த வேலை அவருக்குப் பிறகும் நிற்குமா என்பது அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததல்ல. அடுத்தவர் கையில் கொடுக்கும்படி வைத்தாரா என்பதையும் பொறுத்தது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

தமிழுக்கும் அப்படியொரு பொதுச் சொத்து இன்று உண்டு. 'ஹார்ஃப்பஸ்' என்பது அதன் பெயர். எண்களை வாங்கிக்கொண்டு, எந்த உருவம் எந்த இடத்தில் வரவேண்டும் என்று கணக்கிட்டுத் தரும் கட்டற்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. நாளை யாரோ ஒரு சிறு குழு புதிய இயங்குதளம் எழுதினால், அதனோடு இதை இணைத்து, ஒரு நல்ல தமிழ் எழுத்துருவையும் சேர்த்தால் போதும். ஒவ்வொரு கருவிக்கும் 'கொ' என்றால் என்ன என்று முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இணைக்க ஓர் ஆள் வேண்டும். சரிபார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

சிங்கப்பூரில் எல்லாருக்கும்தான் ஆங்கிலம் தெரிகிறதே, சின்னஞ்சிறு இயங்குதளங்களில் தமிழ் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2000ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியருள் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 42.9 விழுக்காடு. 2010இல் அது 36.7 விழுக்காடு. வீட்டில் தமிழ் கேட்பது குறையக் குறைய, பிள்ளை தமிழைச் சந்திக்கும் இடம் வகுப்பறையும் திரையும்தான். அந்தத் திரையில் தமிழ் உடைந்து தெரிந்தால், இந்த மொழி இந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பொது இடத்து அறிவிப்புகளிலும் விளம்பரத் தாள்களிலும் தமிழ் உருக்குலைந்து அச்சாவதைப் பார்த்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் எழுதியிருப்பார். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாமல் ஒட்டியிருப்பார்கள். கொம்பு இடம் மாறிவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

நம் இளையர்கள் செய்யக்கூடியது

பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, சோதனை. புதிய கருவியோ மென்பொருளோ கைக்கு வந்தால் கொ, கோ, கௌ, டி, டீ, ணு, ஞூ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். உடைந்தால் படம் எடுத்து, எந்தப் பதிப்பு என்று குறித்து, அதை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சரி எது, பிழை எது என்று நாம் சொன்னால்தான் திருத்துவார்கள். இதற்குப் புலமை வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்த கண் போதும்.

இரண்டு, இறுதியாண்டுத் திட்டப்பணி. தமிழ் வராத ஒரு சிறு இயங்குதளத்தை எடுத்து, ஹார்ஃப்பஸை அதன் வரைகலை நிரலகத்தோடு இணைத்துப் பாருங்கள். தமிழுக்குச் செய்தால் அதே வழியில் மலையாளமும் வங்காளமும் வரும்.

மூன்று, செய்ததை மூடி வைக்காதீர்கள். மூல நிரலை வெளியிடுங்கள், விளக்கம் எழுதுங்கள். பிறகு வருபவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்.

1995இல் இந்தச் சின்ன ஊரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றியவர்களிடம் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. கணினிக்குத் தமிழ் தெரியாது, நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற தெளிவு இருந்தது. அன்றைக்கு இல்லாத கருவிகள் இன்று நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் இலவசமாக இருக்கின்றன. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு வேலையில் இறங்கினால், இதனால் மதிப்பெண் வருமா என்று கேட்டுத் தடுத்துவிடாதீர்கள். அது தமிழுக்கும் ஆகும், தொழிலுக்கும் ஆகும்.