ஒரே வயிற்றில் பிறந்த இருவர்



நம் புளியஞ்சோலை ஆற்றுக்குக் குளிக்க வரும் இளைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒருவன் மெல்லக் கரையோரம் இறங்குவான். இன்னொருவன் வந்த வேகத்தில் பாறைமேல் ஏறிக் குதிப்பான். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவும் இருப்பார்கள்.

முன்பு நான் பணியாற்றிய பங்கிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். வெளியூருக்கு வேலைக்குப் போன இளைய மகன் மெத்தபெட்டமைன் பழக்கத்தில் விழுந்துவிட்டான். "ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதானே சாமி வளர்த்தேன்? இவன் பொறப்பே அப்படியா?" என்று அழுதார்.

இதே கேள்வியை அறிவியலும் கேட்டிருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காரன் எர்ஷே என்பவரின் குழு, 50 குடும்பங்களின் உடன்பிறப்புகளை இருவர் இருவராக ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டது. இருவரில் ஒருவர், கொக்கைன் போல உடலை முடுக்கிவிடும் போதைக்கு அடிமை, மற்றவர் அடிமையாகாதவர். ஆனால் தன்னை அடக்கிக்கொள்ள முடியாத அவசரமும், அதற்கேற்ற மூளை அமைப்பும் இருவரிடமுமே காணப்பட்டன! சிலிர்ப்பைத் தேடி ஓடும் ஆவல் மட்டும் போதை எடுத்தவர்களிடமே மிகுதி என்று அக்குழுவின் அடுத்த ஆய்வு காட்டியது.

நம் மூளையில் டோபமைன் என்றொரு பொருள் சுரக்கிறது. 'இது நன்றாயிருக்கிறது, மறுபடியும் தேடு' என்று தூண்டுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. சிலருக்கு அந்தத் தூண்டுதல் பலமானது. போதையோ அந்த மடையையே உடைத்துவிடுகிறது. பிறகு அம்மாவின் சாப்பாடும் நண்பனின் சிரிப்பும் சப்பென்று ஆகிவிடுகின்றன.

ஆக, குணம் பாவமல்ல. அது தலைவிதியும் அல்ல. விழுந்தவன் 'என் பிறவி அப்படி' என்று கைவிரிக்க இடமில்லை. விழாதவன் பெருமை பேசவும் இடமில்லை.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்திலும் இரண்டு பிள்ளைகள். தந்தை இளையவனின் குணத்தை விசாரிக்கவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். மூத்தவனோ, அவனைத் தம்பி என்று சொல்லவும் மனமின்றி வெளியே நின்றான்.

அன்பானவர்களே, நானும் அப்படி நின்றவன்தான். அந்தத் தாயின் இளைய மகன் சிறுவனாக இருந்தபோது, துடுக்குத்தனம் தாங்காமல் அவனைப் பீடச் சிறுவர் குழுவிலிருந்து நிறுத்தியவன் நானே. அவனுக்கு வேறு வேலை கொடுத்திருக்கலாம். மணி அடிக்கவாவது விட்டிருக்கலாம்.

துடிப்பான பிள்ளையைத் 'தறுதலை' என்று ஒதுக்காதீர்கள். கபடி, மேளம், மலையேற்றம், இளையோர் இயக்கப் பொறுப்பு என அவன் வேகத்துக்கு ஒரு வழி திறந்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்திருந்தால் மறைக்காதீர்கள். அது மருத்துவம் தேவைப்படும் நோய். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அறிவுரையோடு நிறுத்தாமல் மருத்துவமனை வரை கூடவே போங்கள்.

வீடு திரும்பும் பிள்ளைகளுக்காக வாசலில் காத்திருக்கும் மனதை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.