கண்ணாடியில் கண்ட புள்ளி

கண்ணாடி என்பது ஊடே பார்ப்பதற்காக அமைந்த பொருள். நல்ல கண்ணாடி தன்னை மறைத்துக்கொண்டு, தனக்கு அப்பால் இருப்பதைக் காட்டும். மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியும் அத்தகையதே. வண்டி ஓட்டுபவர் அதன் வழியே சாலையைப் பார்க்கிறாரேயன்றி, கண்ணாடியைப் பார்ப்பதில்லை. இச்சிறிய உண்மையை மறந்ததனால் ஒரு பெருநகரமே சில நாட்கள் கலங்கி நின்றது. அந்த வரலாற்றையும் அது கற்பிக்கும் பாடத்தையும் இன்று ஆராய்வோம்.

முதலில், முன்கண்ணாடியில் புள்ளிகள் எவ்வாறு உண்டாகின்றன? சாலையில் கிடக்கும் மணலையும் பொடிக்கல்லையும் முன்னே செல்லும் வண்டிகளின் சக்கரங்கள் வாரி எறிகின்றன. பின்னால் விரைந்து வரும் வண்டியின் கண்ணாடி அவற்றின்மீது மோதுகிறது. மணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் என்னும் படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது. ஆதலால், அது பட்ட இடத்தில் நுண்ணிய குழி விழுகிறது. ஒரு குழி விழுந்தால் ஒருவரும் அறியார். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழிகள் பெருகுகின்றன. மாலைக் கதிரவன் எதிரே தாழ்ந்து நிற்கும் வேளையில் ஒவ்வொரு குழியும் ஒளியைச் சிதறடிக்க, வெண்திரை விரித்தாற்போல் சாலை மங்கிவிடுகிறது. அத்திரைக்கு அப்பால் சாலையைக் கடக்கும் மனிதர் ஓட்டுபவரின் கண்ணுக்குப் புலப்படாமற் போகலாம். எனவே இதனை வெறும் அழகுக் குறை என்று கருதலாகாது. உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய குறை இது.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ளது வாஷிங்டன் மாநிலம். 1954ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், அங்குள்ள பெல்லிங்காம் என்னும் ஊரில், தங்கள் வண்டிக் கண்ணாடிகளில் புள்ளிகள் தோன்றியிருப்பதாகச் சிலர் காவல் நிலையத்தில் முறையிட்டனர். விளையாட்டுத் துப்பாக்கி ஏந்திய குறும்பர்களின் வேலை என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் இச்செய்தி தெற்கு நோக்கி ஊர் ஊராகப் பரவியது. ஏப்ரல் 14ஆம் நாள் சியாட்டில் மாநகரை எட்டியது. மறுநாள் முடிவதற்குள் ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகள் சேதமுற்றதாக அந்நகரக் காவல் துறையிடம் தெரிவிக்கப்பட்டது. மக்கள் செய்தித்தாள்களையும் கால்மிதிகளையும் கொண்டு தங்கள் வண்டிக் கண்ணாடிகளை மூடி வைத்தனர். நகர மேயர் மாநில ஆளுநரிடமும், குடியரசுத் தலைவர் ஐசனோவரிடமும் உதவி கோரினார்.

காரணம் என்னவென்று பலரும் பலவாறு கூறினர். கடற்படையின் புதிய வானொலிப் பரப்பியிலிருந்து எழும் அலைகள் என்றனர் சிலர். விண்வெளிக் கதிர்கள் என்றனர் வேறு சிலர். மணற்பூச்சிகள் கண்ணாடிக்குள் முட்டையிடுகின்றன என்று கூறியவர்களும் உண்டு. எனினும் பலருடைய நெஞ்சிலும் இருந்த அச்சம் ஒன்றே. அது ஹைட்ரஜன் குண்டு. அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலில் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் கதிரியக்கச் சாம்பல், நெடுந்தொலைவில் மீன் பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மீது பொழிந்து, அதிலிருந்த 23 பேரையும் நோயுறச் செய்திருந்தது. ஆகவே மக்களுடைய அச்சத்தைப் பேதைமை என்று எள்ளி நகையாடுதல் தகாது. அஞ்சத்தக்க பொருள் ஒன்று உலகில் மெய்யாகவே இருந்தது. ஆனால் கண்ணாடியிலிருந்த புள்ளி அதன் சுவடுதானா? இதுவே வினா.

ஆளுநரின் வேண்டுகோளின்படி வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்தனர். வண்டியின் வயதும் அது ஓடிய தொலைவும் கூடக் கூடக் கண்ணாடியிலுள்ள குழிகளும் கூடியிருப்பதைக் கண்டனர். வானிலிருந்து ஏதோ பொழிந்திருந்தால், ஒரே தெருவில் நின்ற பழைய வண்டியையும் புதிய வண்டியையும் அது ஒன்றுபோலத் தாக்கியிருக்க வேண்டுமன்றோ? வண்டிகளின்மேல் காணப்பட்ட கருந்துகள்களோ, நிலக்கரி சரிவர எரியாமையால் உண்டாகும் புகைத்துகள்களே. அவை அந்நகரில் பல ஆண்டுகளாகவே காணப்பட்டவை. கண்ணாடியில் குழி விழச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. சில நாட்களுக்குள் முறையீடுகளும் ஓய்ந்தன.

நடந்தது என்ன? புள்ளிகள் பொய்யல்ல, அவை முன்பே இருந்தன. அதுகாறும் கண்ணாடியின் ஊடே பார்த்து வந்தவர்கள், செய்தியைக் கேட்டதும் முதன்முறையாகக் கண்ணாடியையே பார்த்தனர். இன்று கண்டது இன்றுதான் தோன்றியது என்று முடிவு கட்டினர். மெடாலியா, லார்சன் என்னும் சமூகவியல் அறிஞர் இருவர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1958இல் கட்டுரை வெளியிட்டனர்.

மாணவர்களே! அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் வாழ்வதன்று. புதிய செய்தி ஒன்று காதில் விழும்போது, "இது முன்பே இருந்ததா? எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்?" என்று கேட்பதும் அறிவியலே. கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வந்து சேரும் இக்காலத்தில் அக்கேள்விகளுக்கு முன்னிலும் தேவை மிகுதி.

வண்டிக் கண்ணாடியில் புள்ளியைக் கண்டால் செய்ய வேண்டுவதும் இத்தகைய ஆராய்ச்சியே. முதலில் நீரால் நன்கு கழுவுங்கள். கழுவியபின் மறைந்தால் அது அழுக்கு. மறையாததை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டுப் பள்ளம் தெரிந்தால் அது கல்லடி. கல் தெறித்த சிறு வடு ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், அழுக்கும் நீரும் புகுமுன் பிசின் செலுத்தி அடைக்கலாம். விரிசல் பரவாமல் தடுக்க அது உதவும். கண்ணாடி முழுதும் நுண்குழிகள் நிறைந்துவிட்டாலோ அடைப்பதற்கு வழியில்லை. ஆழத் தேய்த்து மெருகிட்டால் பரப்பு சமன் குலைந்து, காட்சி நெளியும். கண்ணாடியை மாற்றுவதே தக்கது. வருமுன் காப்பதற்கும் வழியுண்டு: முன்செல்லும் லாரிக்கும் நம் வண்டிக்கும் போதிய இடைவெளி இருக்கட்டும், உலர்ந்த புழுதியின்மேல் துடைப்பானை ஓட்டாதிருப்போம்.

காரணம் அறியாத அச்சம் கண்ணாடியை மூடி வைக்கிறது; காரணம் அறிந்த மனமோ அதனைத் துடைத்துவிட்டுச் சாலையைப் பார்க்கிறது.