பிறர் பழி சுமக்கும் பிள்ளைகள்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

‘கல்வியும் தன்மானமும்’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். ஒரு கதையின் வழியே அதைச் சொல்ல விரும்புகிறேன். கதை வேற்று நாட்டினுடையது. ஆயினும் இதை எங்கோ கண்டிருக்கிறோமே என்னும் எண்ணம் உங்களுக்கு எழக்கூடும்.

மேகன் கேம்பிசி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2020-ஆம் ஆண்டில் ‘சின் ஈட்டர்’ என்றொரு புதினம் வெளியிட்டார். ‘பாவம் உண்பவள்’ என்பது அதன் பொருள். பழைய இங்கிலாந்தை ஒத்த ஒரு கற்பனை நாட்டில் கதை நிகழ்கிறது. மே என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, பெற்றோரை இழந்தவள், ரொட்டி திருடியதற்காகப் பிடிபடுகிறாள். தண்டனை யாது? வாழ்நாள் முழுவதும் அவள் பாவம் உண்பவளாக இருக்க வேண்டும். சாகும் தறுவாயில் உள்ளவர்கள் தம் பாவங்களை அவளிடம் சொல்வார்கள். ஒவ்வொரு பாவத்திற்கும் ஓர் உணவு உண்டு. இறுதிச் சடங்கில் அவற்றை அவள் உண்ண வேண்டும். உண்டபின் இறந்தவர் தூய்மை அடைந்து விண்ணுலகு செல்வார். அவருடைய பாவமெல்லாம் இவளைச் சேரும். அவள் உடலில் அடையாளம் பொறிக்கிறார்கள். ஊரார் அவளை விட்டு விலகிப் போகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள்! பசிக்காக ஒரு ரொட்டியை எடுத்தவள், பெருங்குற்றம் செய்தோர் அனைவருக்கும் சுமைதாங்கி ஆகிறாள்.

இது முழுவதும் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் ஆப்ரி என்னும் ஆங்கில அறிஞர், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிபோர்டுஷயர் பகுதியில் இவ்வழக்கம் இருந்ததை எழுதி வைத்துள்ளார். சாவு வீட்டில் ஓர் ஏழையைக் கூலிக்கு அமர்த்துவார்கள். பிணத்திற்கு மேலாக ஒரு ரொட்டியையும், மரக்கிண்ணம் நிறையப் பீரையும் அவனிடம் நீட்டுவார்கள். ஆறு பென்னிக் காசும் கொடுப்பார்கள். அத்துடன் இறந்தவரின் பாவம் அவனுடையதாகிவிடும்.

இங்கிலாந்தில் இதைச் செய்த கடைசி மனிதர் எனப்படுபவர் ரிச்சர்டு மன்ஸ்லோ. ஷ்ராப்ஷயரில் 1906-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வசதியுள்ள விவசாயி. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்தில் தாமாகவே இதை மேற்கொண்டார் என்பர். அவர் கல்லறையை 2010-ஆம் ஆண்டில் பணம் திரட்டிச் செப்பனிட்டார்கள். ஆனால் அவருக்கு முன் ஆறு பென்னிக்காக உண்டவர்களின் கல்லறைகள் எங்கே? அவர்கள் பெயர்கள்தாம் எங்கே? விரும்பிச் சுமந்தவருக்குப் பெயர் இருக்கிறது. பசியால் சுமந்தவருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

அண்டை நாட்டிலும் ஒரு சான்று உண்டு. நேபாள மன்னர் பிரேந்திரா 2001-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கொல்லப்பட்டார். பதினோராம் நாள் ‘காட்டோ’ என்னும் சடங்கு நடந்தது. முதிய பிராமணர் ஒருவர் மன்னரைப் போல உடையணிந்து, சடங்கு உணவை உண்டு, யானைமீது ஏறிக் காத்மாண்டு பள்ளத்தாக்கை விட்டு வெளியேறினார். அவர் திரும்பி வரலாகாது என்பது மரபு. உயர்பிறப்பு என்று போற்றப்பட்டவரையே ஒரு வேளை உணவு விலக்கப்பட்டவர் ஆக்கிவிட்டது! அப்படியானால் தீட்டு எங்கே இருக்கிறது? உண்பவரின் பிறப்பிலா? தம் பாவத்தை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட நினைப்போரின் தேவையில்தானே அது பிறக்கிறது?

இந்த ஏற்பாடு நிலைக்க மூன்று வேண்டும்: சுமப்பவருக்குப் பசி இருக்க வேண்டும், அவர் வாய் திறவாதிருக்க வேண்டும், ஊர் அவரை அருவருக்க வேண்டும். உண்டவரை ஊர் அருவருக்கும் வரையில், உண்ண வைத்தவரை எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மீண்டும் கதைக்கு வருகிறேன். அரச குடும்பத்தில் ஆசிரியையாக இருந்த ஒரு பெண்மணி இறக்கிறாள். அவள் சவப்பெட்டியின் மேல் ஒரு மானின் இதயம் வைக்கப்பட்டிருக்கிறது. அது கொடியதொரு பாவத்திற்குரிய உணவு. அப்பெண்மணியோ அப்பாவத்தைச் சொல்லவே இல்லை. மேயுடன் இருந்த மூத்தவள் அதை உண்ண மறுக்கிறாள். அதற்காகச் சிறையிடப்பட்டு, வதைக்கப்பட்டு, உயிரையும் இழக்கிறாள். பேசும் உரிமையற்ற அவளுக்கு மறுப்பே பேச்சாயிற்று. ‘அந்த இதயத்தை அங்கே வைத்தவர் யார்?’ என்று மே தேடத் தொடங்குகிறாள். பழியைச் சுமந்தவள் வினா எழுப்பத் தொடங்கும் இடம் இது. கல்வி தொடங்கும் இடமும் இதுவே என்பேன்.

இம்மறுப்பை நம் மக்களுக்குக் கற்பித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 19, 20 நாள்களில் மகாடு நகரில் நடந்த மாநாட்டில், செத்த விலங்கின் இறைச்சியையும் பிறர் தரும் எச்சிலையும் விட்டொழியுங்கள் என்று அவர் வேண்டினார். 20-ஆம் நாள் மக்களுடன் சென்று சவுதார் குளத்து நீரைப் பருகினார். இழிவைத் தரும் உணவை மறுத்த கை, உரிமையான நீரை அள்ளியது.

இனி, நம் பள்ளிகளைப் பார்ப்போம். வகுப்பில் ஒரு பேனாவோ பத்து ரூபாயோ காணாமற் போகிறது. முதலில் எந்தப் பிள்ளையின் பை கவிழ்க்கப்படுகிறது? பல இடங்களில் அது நம் தெருப்பிள்ளையின் பையே. தொலைந்த பொருள் மறுநாள் வேறெங்கோ கிடைத்துவிடும். அந்தப் பிள்ளையிடம் வருத்தம் தெரிவிப்பவர் யார்? அது மெல்ல மெல்லப் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும். ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று காரணம் எழுதப்பட்டுவிடும். மே உண்ட தட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பெற்றோர்களே! பிள்ளைமீது பழி சொல்லப்பட்டால் கையை ஓங்குமுன் ‘என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். ஆசிரியர்களே! தெருவைப் பார்த்துப் பையைச் சோதிக்காதீர்கள். தவறாகப் பழி சுமத்தப்பட்டிருந்தால், எந்த வகுப்பின் முன் சுமத்தப்பட்டதோ அந்த வகுப்பின் முன்னேயே அதை நீக்குங்கள். சங்கத்தாரே! ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால் அதன் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்க, ஊருக்கு இருவரை அமர்த்துங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் பிள்ளைகளின் பசியை ஆற்றியது, எழுத்தைக் கொடுத்தது. தன்மேல் சுமத்தப்படும் பழியை ‘இது என்னுடையதன்று’ என்று நிமிர்ந்து சொல்லும் துணிவையும் இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுப்போமாக!

வாழ்க சங்கம்! வளர்க அதன் கல்விப் பணி!