மாணவர்கள் ஏன் கடல் தாண்டுகிறார்கள்?



நமக்கு முன் பேசிய தோழர்கள் இருவர், படித்த பிள்ளைகள் வெளிநாட்டுக்கு ஓடுவது தேசத் துரோகம் என்று மிகவும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டால் வியாதி தீருமா? காரணத்தைப் பார்க்க வேண்டாமா?

1888-ம் வருஷத்தில் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குப் புறப்பட்டபோது, கடல் தாண்டுவது மத விரோதம் என்று பம்பாயிலிருந்த அவரது ஜாதியார் அவரை ஜாதியை விட்டே தள்ளினார்கள். அன்று "போகாதே" என்றது மதம். இன்று "போகாதே" என்பது தேசபக்தி. ஏன் போகிறாய் என்று இரண்டும் கேட்பதில்லை.

ஹர்கோவிந்த் கொரானா என்பவர் பஞ்சாபில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் ரசாயனம் படித்து டாக்டர் பட்டம் பெற்று 1949-ல் ஊர் திரும்பினார். தகுந்த வேலை கொடுப்பாரில்லை. மறுபடியும் கப்பலேறினார். 1968-ல் அவருக்கு நோபல் பரிசு வந்ததும், "நம்மவர்!" என்று கொண்டாடினோம். வேலை கேட்டு வந்தபோது அவர் யாரவர்?

அவர் போன பிறகாவது புத்தி வந்ததா? நம் தேச வருமானத்தில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய்கூட ஆராய்ச்சிக்குச் செலவாவதில்லை. தென் கொரியாவிலோ 4 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. ஆராய்ச்சிசாலை இல்லாத இடத்தில் ஆராய்ச்சிக்காரன் எதற்கு இருப்பான்? வேலைக்குப் போனால் யார் சிபாரிசு என்று கேட்கிறார்கள். பெண்ணாயிருந்தால் படிப்பு போதும், கல்யாணம் எப்போது என்கிறார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளையிடம் ஜாதி என்ன என்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு அலுத்தவன் பணத்தாசையால் மட்டுமா போகிறான்?

ஆனால் அங்கே போனால் ஜாதி விட்டுவிடுமா? 2023-ல் அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரசபை, ஜாதி வித்தியாசம் பாராட்டக் கூடாதென்று சட்டம் செய்ய வேண்டியதாயிற்று! கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்ற சாஸ்திரமும் பொய்யாய்ப் போயிற்று. மூட்டையில் வைத்து இவர்களே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஹைதராபாத்துக்கு அருகே சில்கூரில் "விசா பாலாஜி" என்றே ஒரு சாமிக்குப் பெயர். விசா வேண்டி 11 சுற்று. கிடைத்தால் 108 சுற்று. இஞ்சினியர் படிப்புப் படித்தவன் சுற்றுகிறான்! தூதராலய அதிகாரி கேட்பதோ கல்லூரிக் கடிதமும், பணத்துக்கு வழியும், சரியான பதிலுமேயல்லாமல், சுற்றின கணக்கையல்ல. சுற்றியும் கிடைக்காதவன் 11-ஐத் திருப்பிக் கேட்பதுண்டா?

ஆகவே பெற்றோர்களே! நிலத்தை அடகு வைக்குமுன் அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது, செலவு எவ்வளவு, வேலை கிடைக்காவிட்டால் கடனை யார் அடைப்பது என்று கணக்குப் பாருங்கள். ஜோசியனையும் தரகனையும் கேட்டது போதும். அங்கே போய்ப் படித்தவனைக் கேளுங்கள்.

மாணவர்களே! போவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம். போனால் ஜாதியை இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள். இருந்தால், மற்றவன் ஓடவேண்டிய காரணத்தை ஒழிக்கப் பாடுபடுங்கள். ஓடுகிறவனைத் திட்டுவது சுலபம். அவன் தங்கும்படியான நாட்டை உண்டாக்குவதே வேலை. நாம் சொன்னோமென்று நம்பாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.